படுத்தால் வரும் வலி

காலை ஐந்தரை மணி. கடற்கரைச் சாலையில், மேரி கட்டடம் என்கிற நகராட்சி மாளிகைக்கு எதிரே, ஒரு விளக்குக் கம்பத்தின் பின்னால் செந்தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

கூடப் பிறந்த தம்பியை ஒளிந்திருந்து பார்க்கும் நிலைமை முப்பத்தேழு வயதில் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

நேற்று மாலை தம்பி மனைவி இனியா, அம்மா வீட்டுக்குப் போக காலாப்பட்டு பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனது தூங்க விடவில்லை.

"அண்ணி, ஒங்க தம்பி தெனமும் மூணே முக்காலுக்கு எழுந்து, பைக்க தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி ஸ்டார்ட் பண்றாரு. ஆறரைக்குத்தான் வராரு. கேட்டா வாக்கிங்ன்றாரு. எந்த ஆம்பள அந்நேரத்துக்கு வாக்கிங் போவான்? நாளைக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். இல்லன்னா நான் திரும்பி வர மாட்டேன்."

கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஹரிகிருஷ்ணன் சேதராப்பட்டில் மருந்துக் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறான். நிரந்தரமாக்கும் பட்டியலில் இப்போதுதான் பெயர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. நிரந்தரமானால் மாமனார் வீட்டை விட்டுச் சேதராப்பட்டுப் பக்கம் தனிக்குடித்தனம் போகலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் இனியா. அவளே பஸ் ஏறிவிட்டாள்.

டூப்ளே சிலைப் பக்கமிருந்து ஹரி வந்தான். தனியாக.

செல்வி பிசியோதெரபிஸ்ட். மனிதர்கள் நடப்பதைப் பார்த்தே பிழைப்பவள். தம்பி நடந்து வந்ததைப் பார்த்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதுகில் பலகை வைத்துக் கட்டியது போல் இருந்தது. காலடி சின்னதாக விழுந்தது. ஒரு நாய் குரைத்தபோது அவன் கழுத்தைத் திருப்பவில்லை. நின்று, மொத்த உடம்போடும் திரும்பிப் பார்த்தான். இருபத்தெட்டு வயதுக்காரன்.

அவளைக் கடந்து போனான். பழைய சாராய ஆலை வரை போய்த் திரும்பினான். மறுபடி கடந்தான். எத்தனையோ பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஒன்றிலும் உட்காரவில்லை.

மூன்றாவது தடவை வரும்போது தோள்கள் அசையத் தொடங்கியிருந்தன. நான்காவது தடவை காலடி நீண்டது. ஆறு மணி வெளிச்சத்தில் அவன் மற்ற எல்லோரையும் போல நடந்தான்.

ஐந்து மாதமாகத் தம்பிக்குச் செல்வி வைத்தியம் பார்க்கும் முதுகுவலி இப்படி நடந்துகொள்ளாது. பிசகிய மூட்டு நடக்க நடக்க வலிக்கும். இவனுக்கு நடக்க நடக்க விடுகிறது.

"ஹரி."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீ எங்கக்கா இங்க?"

"அத நான் கேக்கணும்."

"இனியா சொன்னாளா?"

"வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்காடா அவ."

ஹரி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எந்தப் பொம்பளக்கா எங்கூட மூணு மணி நேரம் நடப்பா?"

"வா, ஒக்காந்து பேசலாம்."

"ஒக்காந்தா மறுபடி புடிச்சுக்கும். நடந்துக்கிட்டே கேளு."

இருவரும் நடந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"படுத்த ஒடனே தூங்கிடுவேன். ரெண்டு மணிக்கு மேல, பின்பக்கம் உள்ளாற யாரோ கடப்பாற வச்சு நெம்பற மாதிரி இருக்கும். பொரண்டு படுத்தா இனியா முழிச்சுக்கறா. எழுந்து கூடத்துல நடந்தா அப்பா கத்தறாரு. அதான் இங்க வந்துடறேன்."

"எந்தப் பக்கம்? வலதுதான?"

"ஒரு வாரம் வலது. ஒரு வாரம் இடது. சில நாளு ரெண்டும்."

செல்வி நின்றுவிட்டாள். "எங்கிட்ட எப்பவும் வலதுன்னுதானடா சொன்ன?"

"மொத நாளு நீதான் வலதுன்னு கண்டுபுடிச்ச. அப்பறம் ஒவ்வொரு வாட்டியும் 'வலது எப்படியிருக்கு'ன்னு கேட்ட. நானும் வலதப் பத்தி சொன்னேன்."

"இடதும் வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"நீ இடுப்பு மூட்டத் தள்ளி டக்குனு ஒண்ணு போட்டின்னா ரெண்டு நாளு நல்லாருக்கும்க்கா. அப்ப ஒன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வரும் பாரு. அதப் பாத்துட்டு, மறுபடி வந்துடுச்சுன்னு சொல்ல வாய் வரல."

முதலியார்பேட்டையில் 'செல்வி கை வச்சா சரியாயிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கு முதல் முதலாகக் கூசினாள்.

"கிளம்பு. கிளினிக்குக்குப் போலாம்."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு ஷிப்டு இல்ல. நீயும் நல்லா பலமா ஒண்ணு போட்டு விட்டுடு. திங்கக்கிழம வரைக்கும் தாங்கற மாதிரி."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

* * *

அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது செல்வியின் கிளினிக். கீழே கிளினிக், மேலே அவள். கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டு வெளியே வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஹரியைக் கட்டிலில் படுக்கச் சொல்லாமல், முன்பின் தெரியாத ஆளைப் போல எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். பழைய நோட்டை மூடிவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

"காலையில எழுந்தா ஒடம்பு சகஜமாக எவ்ளோ நேரம் ஆவுது?"

"ரெண்டு மணி நேரமாவது ஆவும்."

"கம்பெனியில?"

"கம்பெனியில மெஷினுக்கும் மெஷினுக்கும் ஓடிக்கிட்டே இருக்கறதால தெரியறதில்ல. அதான் அப்பா திட்டறாரு. வீட்ல மட்டும் வலிக்குது, வேலையில வலிக்கல, இது என்னா நோவுன்னு."

"வலி மாத்திர போட்டா?"

"ஒரு மணி நேரத்துல பறந்துடும். அடிக்கடி போடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

அவள் எழுதினாள். பேனா தாளில் அழுத்தமாக இறங்கியது.

"போன வருஷம் ஒனக்கு கண்ணு செவந்துச்சே?"

"ஆமா, இடது கண்ணு. மெட்ராஸ் ஐன்னு சொட்டு மருந்து போட்டோம். வெளிச்சத்தையே பாக்க முடியல. மூணு வாரம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஷிப்டு போனேன்."

"வீட்ல வேற யாருக்காவது வந்துச்சா? இனியாவுக்கு? அப்பாவுக்கு?"

"இல்லியே."

மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவரோடு நின்றுபோன மெட்ராஸ் ஐ. சில வாத நோய்கள் முதுகோடு கண்ணையும் தாக்கும் என்று அவள் படித்திருந்தாள். செல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

"சட்டையக் கழட்டிட்டு நில்லு."

இடுப்பின் இரண்டு குழிகளுக்கு நடுவே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டாள். சரியாகப் பத்து சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு. முன்னால் குனியச் சொல்லி டேப்பை வைத்தாள்.

நல்ல முதுகு குனியும்போது அந்தப் பத்து, பதினைந்தாக விரியும். ஹரியின் முதுகு பன்னிரண்டில் நின்றுவிட்டது.

விரல்கள் மட்டும் தரையைத் தொட்டிருந்தன. தொடையும் இடுப்பும் சேருமிடத்தில் மடிந்துதான் தொடுகிறான். முதுகெலும்பு மடியவே இல்லை. ஐந்து மாதமாக அந்த விரல்களை மட்டும் பார்த்து 'நல்லாத்தான குனியற' என்று சொன்னவள் அவளேதான்.

படுக்க வைத்தாள். காலை நீட்டியபடி ஒவ்வொன்றாகத் தூக்கினாள். இரண்டும் தடையில்லாமல் மேலே வந்தன. நரம்பு அழுந்தவில்லை. பிறகு இடுப்பெலும்பின் இரண்டு முனைகளையும் உள்ளங்கைகளால் வெளிப்பக்கமாகத் தள்ளி அழுத்தினாள்.

"அங்கதான்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள. ரெண்டு பக்கமும்."

முழங்காலை மடக்கித் தொடை வழியாகக் கீழே அழுத்தினாள். வலது பக்கம் வலித்தது. இடது பக்கம் அதைவிட அதிகமாக வலித்தது. ஐந்து மாதத்தில் இடது பக்கம் இந்தச் சோதனையை அவள் ஒரு முறைகூடச் செய்து பார்த்ததில்லை.

கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பு இடுப்போடு சேரும் முக்கோண எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. கை தானாகவே பிடிக்க வேண்டிய இடத்துக்குப் போனது.

"போடுக்கா, டக்குனு."

செல்வி கையை எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"எழுந்து ஒக்காரு."

"போடாமயே எழுந்துக்கச் சொல்ற?"

"இனிமே போட மாட்டேன்டா. இது மூட்டு பிசகினது இல்ல. உள்ளுக்குள்ள அழற்சி இருக்குன்னு நெனைக்கிறேன். வாத சம்பந்தமானது. ரத்தம் பாக்கணும், படம் எடுக்கணும். நான் தப்பாப் பாத்துட்டேன்."

ஹரி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"தப்பாப் பாத்துட்டியா?"

"ஆமா."

"அஞ்சு மாசமா?"

"ஆமாடா."

"வாரா வாரம் இந்தக் கட்டில்ல வந்து படுத்தேன். சரியாயிடும் சரியாயிடும்னு சொன்ன. சரியாகலன்னா எம்மேலதான் தப்புன்னு நெனச்சேன். நீ சொன்ன பயிற்சிய நான்தான் ஒழுங்கா செய்யலன்னு நெனச்சுக்கிட்டேன்." குரல் உயர்ந்தது. "இத எவ்ளோ சுளுவா சொல்ற!"

செல்விக்கு அது சுளுவாக இல்லை.

அவன் பட்டனைத் தப்புத் தப்பாக மாட்டினான். "சரி, வுடு. அந்தப் பேப்பர மட்டும் குடுத்துடு."

முதுகுவலி என்று இரண்டு தடவை விடுப்பு எடுத்ததால், வைத்தியம் பார்த்தவரிடமிருந்து 'முதுகு சரியாகிவிட்டது' என்று கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தது கம்பெனி. தருகிறேன் என்று போன வாரமே ஒப்புக்கொண்டிருந்தாள் செல்வி. லெட்டர்பேடில் தேதிகூடப் போட்டு வைத்திருந்தாள்.

"மொதல்ல டாக்டரப் பாப்போம்."

"மொதல்ல பேப்பரு."

"ஹரி, மொதல்ல டாக்டரு."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கேயே நின்றான். வெளியே போனால் வீட்டில் அப்பா. வீட்டில் இனியா இல்லை. போக இடமில்லாதவன் போலத் திரும்பி வந்தான்.

"எந்த டாக்டரு?"

* * *

மூட்டு வாதம் பார்க்கும் டாக்டர் ஜானகிராமன் லாஸ்பேட்டையில் சனிக்கிழமை மதியம் ஒரு மணி வரைதான் இருப்பார். செல்வி படிப்பு முடித்துப் பயிற்சியில் இருந்த காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். போனில் இரண்டே வரி சொன்னாள். "இடுப்பு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வந்துடும்மா" என்றார்.

எக்ஸ்ரே எடுக்குமிடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஹரி நாற்காலியில் உட்காருவான், எழுவான், சுவரோரம் நடப்பான், மறுபடி உட்காருவான். எதிரே இருந்த ஒரு அம்மாள் "தம்பி, கொஞ்சம் சும்மா ஒக்காரேன், தல சுத்துது" என்றாள்.

"முடியலம்மா," என்றான் ஹரி.

அந்த ஒரு வார்த்தையைத் தன்னிடம் அவன் சொன்னதே இல்லை என்று செல்விக்குத் தோன்றியது.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அவர் விரல் வைப்பதற்கு முன்பே செல்வி பார்த்துவிட்டாள்.

"தம்பி, இங்க பாருங்க. முதுகெலும்பு இடுப்போட சேர்ற மூட்டு. ரெண்டு பக்கமும் ஓரம் கோடு போட்ட மாதிரி தெளிவா இருக்கணும். ஒங்களுக்குப் பென்சில்ல வரைஞ்சு ரப்பரால தேச்ச மாதிரி இருக்கு."

"எவ்ளோ நாளா, டாக்டர்?"

"சில வருஷமா இருக்கும். ரத்தப் பரிசோதனையும் வரட்டும், புதன்கிழமை உறுதியாச் சொல்றேன். மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும் மொதல்ல. அதுல அடங்கலன்னா ஊசி இருக்கு. வேலைக்குப் போலாம், ஓடலாம், நீச்சல் அடிக்கலாம். சும்மா இருக்கறதுதான் கூடாது." செல்வி பக்கம் திரும்பினார். "பலமா தள்ற வேலையெல்லாம் இனிமே வேணாம்மா. பயிற்சி நீயே சொல்லிக் குடு."

"அஞ்சு மாசமா நான்தான் டாக்டர் தள்ளிக்கிட்டிருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட வரவங்க எல்லாருமே பல இடம் சுத்திட்டுதான் வராங்க. நீ அஞ்சு மாசத்துல கூட்டியாந்துட்ட. அத வச்சு நீ மனசத் தேத்திக்கணும்னு நான் சொல்லல. அடுத்த ஆளுக்கு ஞாபகம் வச்சுக்க."

அவள் தலையாட்டினாள்.

"குடும்பத்துல யாருக்காவது முதுகு வளைஞ்சு இருக்கா? கழுத்தத் திருப்ப முடியாம?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

* * *

மாலை நான்கரைக்கு இனியா காலாப்பட்டிலிருந்து மாமனார் வீட்டில் வந்து இறங்கினாள். 'உண்மை தெரிஞ்சுபோச்சு, கிளம்பி வா' என்று மட்டும்தான் செல்வி போனில் சொல்லியிருந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள்.

"யாரு அவ?"

ஹரி எக்ஸ்ரே கவரை நீட்டினான். செல்விதான் எல்லாவற்றையும் சொன்னாள். கடற்கரை, நடை, படம், டாக்டர். தன் தவறையும் விடாமல் சொன்னாள்.

இனியா படத்தை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாக்கிங்னு சொன்னீங்களே. ராத்திரியில வலி தூங்க விடலன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா நீயும் அப்பா மாதிரி..."

"நான் ஒங்கப்பாவா?" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "வேற ஒருத்தின்னா மல்லுக்கு நிப்பேன். முடியப் புடிச்சு இழுத்துப் போட்டு வெரட்டுவேன். ராத்திரியெல்லாம் அதத்தான் ஒத்திக பாத்துக்கிட்டு இருந்தேன். இத எப்படி வெரட்டுறது?"

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னா, சினிமா நடக்குதா? டாக்டரு என்னா சொன்னாரு? ஒண்ணுமில்லன்னாரா?"

அப்பா கண்ணையனுக்கு அறுபத்தாறு வயது. மோவாய் நெஞ்சில் இடிக்கும் அளவுக்கு முன்னால் வளைந்த உடம்பு. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, கண்ணை மேலே உருட்டித்தான் பார்ப்பார். பஞ்சாலையில் முப்பது வருடம் தறியின் மேல் குனிந்து வேலை செய்ததால் வந்த கூன் என்று தெருவே சொல்லும். செல்வியும் நம்பினாள். பிசியோதெரபி படித்த பிறகும் நம்பினாள்.

"நோவு இருக்குப்பா. நெஜமான நோவு."

"நோவு எனக்குந்தான் இருந்துச்சு. நான் என்னா ஊரச் சுத்தப் போனனா?"

"போகலியாப்பா?"

அப்பா உருட்டிய கண்ணோடு அவளைப் பார்த்தார்.

"நான் ரெண்டாவது படிக்கறப்ப விடியக்காலம் முழிச்சுப் பாத்தா ஒன் பாய் காலியா இருக்கும். அம்மா அடுப்பாண்ட ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்கும். எங்கப்பா போன நீ?"

அப்பா கண்ணைத் தரைக்கு இறக்கினார்.

"மில்லு கேட்டாண்ட," என்றார் கடைசியில். "சங்கு ஊதறதுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும். காம்பவுண்டு ஓரமாவே நடந்துக்கினு இருப்பேன். நடந்தாத்தான் ஒடம்பு சொன்ன பேச்சு கேக்கும்."

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். நம்பல. எங்க செக்‌ஷன்ல தனக்கொடின்னு ஒருத்தி இருந்தா. அவ வீட்டுக்குப் போறேன்னு நெனச்சுக்கினா." அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "ஒங்கம்மா சாவற அன்னிக்கு ஆஸ்பத்திரில எங்கையப் புடிச்சுக்கினு, இப்பவாவது உண்மையச் சொல்லுன்னா. உண்மையத்தான் சொன்னேன். மூஞ்சத் திருப்பிக்கினா."

இனியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

செல்வி அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "செவுத்துல சாஞ்சு நில்லுப்பா. குதிகால் செவுத்துல படணும். பின்பக்கம் படணும். இப்ப தலையப் பின்னால கொண்டு போ."

அவர் முயன்றார். கழுத்து நரம்புகள் புடைத்தன. தலை அசையவே இல்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவே செல்வி கையை விரித்து வைத்தாள். ஒரு சாண் போதவில்லை.

ஹரி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எனக்கும் ஊசி இருக்குதா?" என்றார் அப்பா.

"வளைஞ்சத நிமுத்த முடியாதுப்பா. எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஆனா டாக்டர் பாக்கணும். நீ கீழ விழுந்துடக் கூடாது, அதுக்காவது."

"எனக்கு வேணாம். ஒட்டிக்கின பொறவு நோவே இல்ல." மகன் பக்கம் முழு உடம்போடும் திரும்பினார். "இவனுக்கு இப்படி ஆவாதுல்ல?"

"ஆகாம பாத்துக்கலாம்ப்பா. சீக்கிரம் கண்டுபுடிச்சா."

"சீக்கிரமா கண்டுபுடிச்சியா?"

பொய் சொல்லத் தோன்றியது. "அஞ்சு மாசம் லேட்டுப்பா."

அப்பா நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்த பிறகு, யாரையும் பார்க்காமல், "கூடத்துல நடந்துக்கடா. நான் இனிமே கத்தல," என்றார்.

ஹரி கொல்லைப்புறம் போய்விட்டான். பைப்பைத் திறந்து விட்டு முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

* * *

திரும்பி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. பேச்சு மட்டும் பழைய இடத்துக்கே வந்தது.

"பேப்பரு, அக்கா."

"எழுதிக் குடுத்துடு பாப்பா," என்றார் அப்பா. "நாலு வருஷம் காத்துக்கினு இருக்கான்."

"என்னான்னு எழுதறது மாமா? சரியாயிடுச்சுன்னா?" என்றாள் இனியா. கேட்டுவிட்டு அவளே தடுமாறினாள். "ஆனா எழுதலன்னா... பட்டியல்லேந்து எடுத்துடுவாங்களா அண்ணி?"

"தெரியலம்மா."

செல்வி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தேதி மட்டும் போட்டிருந்த தாளைப் பையிலிருந்து எடுத்தாள். கிழித்தெறிய வேண்டிய பொய் மனசுக்குள் இருந்ததே தவிர, தாளில் எதுவும் இல்லை.

"பொய் எழுத மாட்டேன்டா. ஏற்கெனவே அஞ்சு மாசம் ஒம்மேல தப்பா எழுதி வச்சிருக்கேன். ஆனா உண்மைய ஒனக்கு ஆகாத மாதிரியும் எழுத மாட்டேன்."

எழுதினாள். அடித்தாள். இன்னொரு தாள் எடுத்தாள். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி நோய் இருப்பதாகச் சந்தேகம்; நிபுணரிடம் சிகிச்சை தொடங்கியிருக்கிறது; நின்றும் நடந்தும் செய்யும் இப்போதைய வேலைக்குத் தடை எதுவும் நான் காணவில்லை; நீண்ட நேரம் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் வேலைதான் ஆகாது. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இதற்கு முன் இவருக்கு நான் அளித்த சிகிச்சை இந்த நோயைக் கண்டறியாமல் அளிக்கப்பட்டது.

"அந்தக் கடைசி வரி எதுக்கு?" என்றான் ஹரி, தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே.

"நீ நடிச்சு லீவு எடுக்கலன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

"அத ஊரெல்லாம் படிச்சா ஒங்கிட்ட யாரு வருவா?"

"வரவங்க வரட்டும்."

கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, கவரில் போட்டு நீட்டினாள். ஹரி தயங்கினான். வாங்கினான். வாங்கிய கையோடு கூடத்தில் இரண்டு நடை நடந்தான்.

"இதக் குடுத்தா என்னா ஆவும்?"

"தெரியாதுடா."

"குடுக்கலன்னா?"

"மாத்திரையப் போட்டுக்கிட்டுப் போனா திங்கக்கிழம பரிசோதனையில தேறிடுவ. அன்னிக்கு யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. அப்பறம் தெனமும் மறைக்கணும்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

செல்வி கிளம்பி வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கிளினிக் அலமாரியில் இருக்கும் மற்ற நோயாளிகளின் நோட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை பேரிடம் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருப்பாள்?

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. சாவியைத் திருப்பாமல் நின்றாள்.

திறந்திருந்த கதவு வழியாக ஹரி கவரை இனியாவின் கையில் வைப்பது தெரிந்தது.

"இத நான் என்னா பண்ணணும்?" என்றாள் இனியா.

"நீயே வச்சுக்க. தனிக்குடித்தனம் கேட்டதும் நீதான், உண்மைய கேட்டதும் நீதான். திங்கக்கிழம காலையில எங்கையில குடுத்தின்னா கம்பெனியில குடுத்துடறேன். குடுக்கலன்னா கேக்க மாட்டேன்."

"என் தலையில போடறீங்களா?"

"எனக்கு முடியல இனியா," என்றான்.

அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். செல்வி நிற்பதைப் பார்த்தவள் கவரோடு அறைக்குள் போனாள்.

பீரோ கதவு மூடும் சத்தமும், பூட்டில் சாவி இரண்டு தடவை திரும்பும் சத்தமும் வாசல் வரைக்கும் கேட்டன.